யாரும் குனிந்து பார்க்காத இடம்

உங்கள் காரின் அடிவயிற்றைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

'பார்த்ததே இல்லை' என்பதுதான் பெரும்பாலானவர்களின் பதிலாக இருக்கும். கார் வாங்கப் போகும்போது பானெட்டைத் திறந்து பார்க்கிறோம். கதவைச் சாத்தி, 'டப்' என்று விழுகிற சத்தத்தைக் கவனிக்கிறோம். ஏ.சி. போட்டுப் பார்க்கிறோம். டயரை ஒரு உதை விடுகிறோம். எதற்கு உதைக்கிறோம் என்று நமக்கும் தெரியாது, டயருக்கும் தெரியாது. ஆனால் மண்டியிட்டுக் குனிந்து கீழே பார்ப்பவர் அபூர்வம். வேட்டி அழுக்காகிவிடும்.

இத்தனைக்கும் ஒரு வண்டி படுகிற அவஸ்தை எல்லாம் அங்கேதான். மழைத் தண்ணீர், சேறு, சாணி, டயர் வாரி அடிக்கிற ஜல்லி, சாலையில் காயப்போட்ட நெல்லின் வைக்கோல், எல்லாம் போய் ஒட்டுவது அடியில். மேலே பளபளவென்று மெழுகு பூசித் துடைத்துக்கொண்டிருப்போம். கீழே துரு சத்தமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

வந்தவாசி என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்கு 1760 ஜனவரி 22 ஞாபகம் வரும். ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதி, பிரெஞ்சுக்காரர்களின் இந்தியக் கனவு கலைந்த இடம். மற்றவர்களுக்குக் கோரைப்பாய் ஞாபகம் வரும். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போகிறவர்களுக்கு, அது ஆரணிக்குப் போகும் வழியில் வருகிற ஊர். எனக்கு மட்டும் வந்தவாசி என்றால் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்.

இளைய தலைமுறைக்கு ஹெரால்டைத் தெரியாது. பிரிட்டனின் ட்ரையம்ப் ஹெரால்டுதான், 1961-ல் இங்கே 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' ஆனது. தயாரித்தது பம்பாயும் இல்லை, கல்கத்தாவும் இல்லை, நம்ம சென்னை. அம்பாசிடரும் ஃபியட்டும் ஊரை ஆண்டுகொண்டிருந்த காலத்தில், கொஞ்சம் ஒல்லியாக, கொஞ்சம் ஸ்டைலாகப் போன வண்டி. அதன் பானெட் முழுசாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். ஏதோ முதலை வாயைப் பிளக்கிற மாதிரி இருக்கும்.

நண்பர் ஒருவரின் அப்பா ஓட்டிய ஹெரால்டு, அவர் காலத்துக்குப் பிறகு மாட்டுக்கொட்டகை ஓரத்தில் பல வருஷம் நின்றது. நண்பருக்குத் திடீரென்று அதைப் புதுப்பிக்கிற ஆசை வந்தது. புதுப்பித்து, கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு, பழைய கார் பிரியர் யாருக்காவது விற்றுவிடலாம் என்று திட்டம். டிங்கரிங் வேலைக்கு உள்ளூரிலேயே ஒரு பெரியவரைப் பிடித்தார். அவர் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒரு ஸ்க்ரூடிரைவரோடு அடியில் படுத்தார். பத்து நிமிஷம் 'டொக் டொக்' என்று சத்தம். வெளியே வரும்போது தலை முழுக்கத் துருப்பொடி.

"சார், ரெண்டு விதமா செய்யலாம். ஓட்டை விழுந்த எடத்துல தகரம் வச்சு ஒட்டி, மேல கறுப்பா டார் கோட்டிங் அடிச்சா பத்து நாள்ல முடிஞ்சிடும். இல்லாட்டி பாடிய மொத்தமா கழட்டி வச்சுட்டு, சேஸிஸ்ல துருப் புடிச்ச எடத்த எல்லாம் வெட்டி எடுத்துட்டு, புது ஷீட்டு போட்டு வெல்டு பண்ணணும். அதுக்கு மூணு மாசம் ஆவும். செலவும் ஆவும்."

"ரெண்டுக்கும் என்னண்ணே வித்தியாசம்?"

"வெளிய பாத்தா ஒண்ணும் இல்ல சார். ரெண்டும் ஒரே கறுப்புதான்."

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றியது.

முதலில் துருவைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம். இரும்புக்குத் தண்ணீரும் காற்றிலிருக்கிற ஆக்ஸிஜனும் ஒருசேரக் கிடைத்தால் போதும், துரு தொடங்கிவிடும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். அலுமினியத்தையும் ஆக்ஸிஜன் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் மேல் உருவாகிற படலம் மெல்லியதாக, இறுக்கமாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். இரும்பின் துரு அப்படி இல்லை. அது இரும்பைவிட அதிக இடத்தைக் கேட்கும், உப்பும், பொருக்குப் பொருக்காக உதிரும். உதிர்ந்ததும் அடியில் புது இரும்பு காற்றுக்குக் கிடைக்கும். அதையும் சாப்பிடும்.

இரும்புக்கும் நல்ல படலம் அமைவது உண்டு. டெல்லியில் குதுப்மினார் பக்கத்தில் நிற்கிற இரும்புத் தூண் சுமார் 1,600 வருஷமாக மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேலே ஒரு மெல்லிய காப்புப் படலம் மெதுவாக உருவாகியிருக்கிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ந்து விளக்கினார். நம் கார்களின் தகரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பூச்சுதான் கதி.

பூச்சில்தான் சூட்சுமமே இருக்கிறது. துருவின் மேல் டார் அடித்தால் என்ன ஆகும்? துருவுக்குள் இருக்கிற ஈரம் வெளியே போக முடியாமல் மாட்டிக்கொள்ளும். டார் எங்கேயாவது லேசாக வெடித்தால் புதுத் தண்ணீர் உள்ளே போகும், திரும்பி வராது. வெளியே கறுப்பாக, திடமாக, தொட்டால் ரப்பர் மாதிரி இருக்கும். உள்ளே தகரம் அப்பளமாகிக்கொண்டிருக்கும். பூசாமல் விட்டிருந்தால் துரு கண்ணுக்காவது தெரிந்திருக்கும். பூசியதால் அதுவும் போச்சு.

அதே டாரை, சுத்தம் செய்த இரும்பின் மேல் அடித்தால் பல வருஷம் காப்பாற்றும். ஒரே டப்பா, ஒரே பிரஷ், ஒரே கறுப்பு. ஒன்று காப்பு, இன்னொன்று பொய். வித்தியாசம் பூச்சில் இல்லை. பூசுவதற்கு முன்னால் என்ன செய்தார்கள் என்பதில் இருக்கிறது. அந்த 'முன்னால்' என்பதைத்தான் யாரும் பார்க்க முடியாது.

சரி, யாரும் பார்க்கப்போவதில்லை என்றால் எதற்கு மூணு மாசம்? நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. விற்கப்போகிற வண்டி. வாங்குகிறவர் குனிந்து பார்த்தாலும் கறுப்புதான் தெரியும்.

இந்தக் கேள்விக்கு உலகத்தில் மூன்று பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதல் பதில் வியாபாரியுடையது: 'என்றைக்காவது வெளியே தெரிந்துவிடும், அப்போது பேர் கெடும்.' உண்மைதான். இத்தாலியின் லான்சியா கம்பெனியின் 'பீட்டா' காருக்கு அதுதான் நடந்தது. பிரிட்டனில் விற்ற வண்டிகளில், அடியில் எஞ்சினைத் தாங்குகிற சட்டத்தில் துரு. 1980-ல் விஷயம் பத்திரிகைகளில் வெடித்தது. கம்பெனி பழைய வண்டிகளைத் திரும்ப வாங்கி நசுக்கவேண்டி வந்தது. அந்தக் கெட்ட பேர் போகவே இல்லை. 1994-ல் லான்சியா பிரிட்டிஷ் சந்தையை விட்டே வெளியேறியது. அமெரிக்காவில் டொயோட்டாவும், சில பிக்கப் வண்டிகளின் சேஸிஸ் துருவுக்காக, 2016-ல் 340 கோடி டாலர் வரை ஆகக்கூடிய சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது.

ஆனால் இந்தப் பதிலில் ஒரு ஓட்டை. பெரிய கம்பெனி மாட்டும். ஒரே ஒரு பழைய காரை விற்றுவிட்டுப் போகிற தனி மனிதன் மாட்டமாட்டான். வண்டி கை மாறி, ஊர் மாறி, துரு வெளியே வரும்போது இவன் எங்கேயோ இருப்பான். மாட்டுவோம் என்கிற பயம்தான் நேர்மைக்குக் காரணம் என்றால், மாட்டாத இடத்தில் நேர்மைக்கு வேலை இல்லை.

இரண்டாவது பதில் கலைஞனுடையது: 'யார் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன, வேலை சுத்தமாக இருக்கணும்.' இது உயர்ந்த பதில். ஆரணியிலோ காஞ்சிபுரத்திலோ விவரம் தெரிந்தவர்கள் புடவை எடுக்கும்போது முந்தானையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். நெசவு தெரிந்தவர் கை பின்பக்கத்தில்தான் தெரியும் என்பார்கள். கோரைப்பாய்க்கோ முன் எது, பின் எது என்றே பாகுபாடு பெரிதாகக் கிடையாது. எந்தப் பக்கம் விரித்தாலும் படுக்கலாம்.

ஆனால் இந்தப் பதிலும் எனக்கு முழுசாகப் போதவில்லை. ஏனென்றால் இதை ஒழுங்காகப் பின்பற்றினால் கண்ணுக்குத் தெரியாத எல்லா இடத்தையும் ஒரே மாதிரி இழைக்கவேண்டும். பழைய கார் கண்காட்சிகளுக்கு வண்டி கொண்டுபோகிற சிலர் அடிப்பாகத்தைக்கூடக் கண்ணாடி மாதிரி பாலிஷ் செய்து, கீழே கண்ணாடி வைத்துக் காட்டுவார்கள். அழகுதான். ஆனால் அது மறைவான இடத்தின் மேல் உள்ள அக்கறையா, மறைவான இடத்தையும் மேடையாக்குகிற ஆசையா? தவிர, கையில் காசு குறைவாக இருக்கிறவனுக்கு இந்தப் பதில் உதவாது. எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்ய அவனால் முடியாது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதுதான் அவன் கேள்வி.

மூன்றாவது பதிலை அந்த டிங்கரிங் பெரியவர்தான் சொன்னார். தத்துவமாகச் சொல்லவில்லை. டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

"டிக்கி தரை ஓட்டையா இருந்தா பொட்டி நனையும், அவ்ளோதான். ஆனா சேஸிஸ்ல துரு இருந்தா மனுஷன்ல ஒக்காந்திருக்கான்? பின்னாடி சீட்டுல கொழந்த ஒக்காரும். அது குனிஞ்சு பாக்குமா சார்?"

பாக்காது. பின் சீட்டுக் குழந்தை மட்டும் இல்லை, யாருமே பார்ப்பதில்லை. பார்க்காமலேதான் உட்காருகிறோம். பாலத்தின் மேல் போகும்போது தூணைப் பார்ப்பதில்லை. லிஃப்ட்டில் ஏறும்போது கயிற்றைப் பார்ப்பதில்லை. மாத்திரையை விழுங்கும்போது அதைச் செய்த இடத்தைப் பார்ப்பதில்லை. பார்த்தால் வாழ முடியாது. எவனோ ஒருவன் பார்த்திருப்பான் என்று நம்பி உடம்பின் எடையை அங்கே வைக்கிறோம். மறைவான இடம் முக்கியமாவது அது மறைவாக இருப்பதால் இல்லை. அங்கே இன்னொருவர் தன் பாரத்தை வைத்திருக்கிறார், அவரால் குனிந்து பார்க்க முடியாது என்பதால்தான்.

இப்படிப் பார்த்தால் எதை விடலாம் என்பதும் தெரிந்துவிடுகிறது. பாரம் தாங்காத இடத்தில் சமரசம் செய்யலாம், பாவம் இல்லை. பாரம் தாங்குகிற இடத்தில் செய்யக்கூடாது.

1967 டிசம்பர் 15-ம் தேதி சாயங்காலம், அமெரிக்காவில் ஒஹையோ நதியின் மேல் இருந்த 'சில்வர் பிரிட்ஜ்' இடிந்து விழுந்தது. 46 பேர் செத்துப்போனார்கள். காரணம், பாலத்தைத் தொங்கவிட்ட சங்கிலியின் ஒரே ஒரு கண்ணியில், மூட்டுக்கு உள்ளே ஒளிந்திருந்த விரிசல். ஆழம் இரண்டரை மில்லிமீட்டர். துருவும் இழுவிசையும் சேர்ந்து வளர்த்த விரிசல் அது. வெளியே இருந்து பார்த்தால் தெரியாத இடம். அதற்குப் பிறகுதான் அந்த நாட்டில் பாலங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கட்டாயம் சோதிக்கவேண்டும் என்று தேசிய அளவில் விதிகள் வந்தன.

நம் பக்கத்திலேயே நேர் எதிரான உதாரணம் இருக்கிறது. பாம்பன் ரயில் பாலம். 1914-ல் திறந்தார்கள். இரும்பைத் தின்னும் உப்புக்காற்றில் உலகத்திலேயே மோசமான இடங்களில் ஒன்று என்று பெயர் வாங்கிய கடல். 1964 புயல் வேறு அடித்தது. இருந்தும் 2022 டிசம்பர் வரை அதன் மேல் ரயில் போனது. நூறு வருஷத்துக்கு மேல்! எத்தனை ஆட்கள் எத்தனை தடவை பாலத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டு சுரண்டியிருப்பார்கள், பெயின்ட் அடித்திருப்பார்கள்? ராமேஸ்வரம் போனவர்கள் எல்லாம் ஜன்னல் வழியே கடலைப் பார்த்து வாய் பிளந்தோம். அந்தப் பெயின்ட்டை யார் பார்த்தோம்? துரு கடைசியில் ஜெயித்தது. தூக்குப் பாலத்தில் அரிப்பு அதிகமாகிவிட்டது என்றதும் ரயிலை நிறுத்தினார்கள். 'தாங்கும், ஓட்டு' என்று மேலே ஒரு கோட்டிங் அடித்து ஓட்டவில்லை. 2025 ஏப்ரல் 6-ல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள்.

சுரண்டிப் பூசுவது, முடியாதபோது நிறுத்துவது, இரண்டுமே காப்பாற்றுவதில் சேர்த்தி.

வந்தவாசிக்குத் திரும்புவோம். நண்பர் மூணு மாச வழியைத் தேர்ந்தெடுத்தார். ஹெரால்டில் ஒரு வசதி, பாடியும் சேஸிஸும் தனித்தனி. போல்ட்டைக் கழற்றினால் மேலுடம்பு தனியாக வந்துவிடும். முதலில் பிரஷர் தண்ணீர் விட்டுப் பல வருஷத்துச் சேற்றைக் கரைத்தார்கள். மூலைகளில் அடைந்து கிடந்த சேறு, தண்ணீர் ஊறிய பஞ்சு மாதிரி, மழை நின்று பல நாள் ஆனாலும் இரும்பை ஈரமாகவே வைத்திருக்குமாம். வெயிலில் காயவிட்டு, வயர் பிரஷ், கிரைண்டர், உப்புத்தாள் என்று வரிசையாகத் தேய்த்தார்கள். அழுகிய பாகத்தை வெட்டிப் புதுத் தகரம் வெல்டு வைத்தார்கள். பிரஷ் போகாத இடுக்குகளில் துருவைக் கறுப்பாக மாற்றுகிற ஒரு திரவத்தைத் தடவினார்கள். 'ரஸ்ட் கன்வர்ட்டர்' என்று கடையில் விற்பது. அதில் பலவற்றில் இருப்பது டானின் என்கிற துவர்ப்புச் சத்து, நம் கடுக்காயில் நிறைய இருப்பது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு என்பது சாயம் போடுகிறவர்களுக்குக் காலங்காலமாகத் தெரியும். கலம்காரித் துணியின் கறுப்பு அப்படி வந்ததுதான்.

பிறகு ப்ரைமர். பிறகு இணைப்புகளுக்கு சீலர். கடைசியாகத்தான் அந்தக் கறுப்பு.

கறுப்பு அடிக்கும்போது பெரியவர் ஒரு வேலை செய்தார். சேஸிஸிலும் கதவுகளின் அடியிலும் இருந்த சின்னச் சின்ன ஓட்டைகளில் தீக்குச்சியைச் செருகி வைத்தார். கோட்டிங் காய்ந்ததும் பிடுங்கி எடுத்தார்.

"எதுக்குண்ணே?"

"தண்ணி எறங்குற வழி சார். நெறைய பேர் நல்லா பூசுறேன்னு இதையும் சேத்து அடச்சிடுவாங்க. அப்புறம் உள்ள போன தண்ணி எங்க போவும்? உள்ளயேதான் கெடக்கும்."

எவ்வளவு நன்றாக மூடினாலும் எங்காவது தண்ணீர் உள்ளே போகத்தான் செய்யும். அதனால் காரைச் செய்தவனே வெளியேறும் வழியையும் வைத்திருக்கிறான். பாதுகாப்பு என்ற பேரில் அதை அடைத்தால், பாதுகாப்பே அழிக்கும்.

இந்த இடத்தில் நம் வீடுகள் ஞாபகம் வராமல் போகுமா?

அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு. பேச்சுவார்த்தை நின்று நாலு வருஷம். கல்யாணம் ஒன்று வருகிறது. பெரியவர்கள் கூடி, 'பழசை எல்லாம் மறந்துடுங்கப்பா' என்று இரண்டு பேரையும் பக்கத்தில் நிற்கவைத்து போட்டோ எடுக்கிறார்கள். போட்டோவில் எல்லோரும் சிரிக்கிறார்கள். யாரும் எதையும் சுரண்டவில்லை. யார் கணக்கு சரி, யார் யாரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று யாரும் வாய் திறக்கவில்லை. மேலே ஒரு கோட்டிங். அடுத்த விசேஷத்தில் கை வைத்தால் உள்ளே போகும்.

அதற்காக எல்லாவற்றையும் எப்போதும் பேசிக்கொண்டே இருக்கவேண்டும் என்றும் சொல்லவில்லை. சுரண்டி முடித்தபிறகு மூடித்தான் ஆகவேண்டும். ஒருமுறை உட்கார்ந்து பேசி, அழுது, கணக்கைத் தீர்த்துக்கொண்ட இரண்டு பேர், அதன்பிறகு அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது மரியாதை. பேசாமலே பேசாமல் இருப்பது வேறு. இரண்டு மௌனமும் வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும், அடியில் இருப்பது இரும்பா, துருவா என்று.

ஓட்டை விஷயமும் அப்படியே. 'நம்ம வீட்டுல சண்டையே வராது' என்று பெருமையாகச் சொல்கிற குடும்பங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கும். தண்ணீர் இறங்க வழி வைத்திருக்கிறார்களா, தீக்குச்சியைப் பிடுங்க மறந்துவிட்டார்களா?

ஹெரால்டு என்ன ஆயிற்று என்று சொல்லவேண்டும். இரண்டாவது மாசத்திலேயே நண்பரின் பணம் தீர்ந்துபோனது. பெரியவரின் கணக்குப்படி சேஸிஸையும், சஸ்பென்ஷன் மாட்டுகிற இடங்களையும், ஆள் உட்காருகிற தரையையும் முழுசாகச் செய்தார்கள். டிக்கி தரையில் மட்டும் தகரம் ஒட்டி மூடினார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் நண்பர் போட்டோ எடுத்து வைத்திருந்தார். கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு விற்கும்போது, வாங்க வந்தவரிடம் அத்தனை போட்டோவையும் கொடுத்தார். டிக்கியில் ஒட்டு போட்ட போட்டோவையும் சேர்த்து.

வந்தவர் அந்த ஒரு போட்டோவைக் காட்டியே விலையைக் குறைத்தார். போட்டோவே இல்லாத இன்னொரு ஹெரால்டை அதைவிட அதிக விலைக்குப் பார்த்துவிட்டு வந்ததாகவும் சொன்னார். நண்பர் குறைந்த விலைக்கே கொடுத்தார். 'நேர்மை ஜெயிக்கும்' என்று முடித்தால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இங்கே நேர்மைக்குக் கொஞ்சம் பணம் செலவானது, அவ்வளவுதான். பல நேரம் ஆகும். பின் சீட்டில் உட்காரப்போகிற, முகம் தெரியாத ஒரு குழந்தைக்காகக் கட்டிய பணம் அது. ரசீது கிடையாது.

அடுத்த முறை பழைய கார் வாங்கப் போனால் டயரை உதைக்காதீர்கள். முக்கியமாக, சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வந்த வெள்ளம் மாதிரி ஒன்றுக்குப் பிறகு விற்பனைக்கு வருகிற வண்டியாக இருந்தால். ஒரு பழைய துணியை விரித்துக் கீழே படுங்கள். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் அடித்தகரத்தை மெதுவாகத் தட்டுங்கள். நல்ல இரும்பு 'டிங்' என்று பதில் சொல்லும். கோட்டிங்குக்கு அடியில் அழுகியது 'தொப்' என்று ஊமையாகச் சொல்லும். காதுக்கு வித்தியாசம் உடனே புரியும்.

கார் இல்லாதவர்களும் தட்டிப் பார்க்கலாம். நாம் செய்துவைத்த வேலைகளில், நம்மேல் பாரத்தை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்களின் அடியில். என்ன சத்தம் வருகிறது என்பது நமக்கு மட்டும்தான் கேட்கும்.